கூப்பிடு தூரம்



பிழைப்பைத் தேடி வட இந்திய நகரங்களுக்கு வந்து சேரும் நம்மவர்கள் முதல் நாளிலேயே புரிந்துகொள்ளும் சொல் ஒன்று உண்டு. ஸ்டேஷனுக்கு வெளியே ரிக்ஷாக்காரர் 'தூர் ஹை' என்றால், நேற்று ஊரை விட்டுப் புறப்பட்டவருக்கும் அது விளங்கிவிடுகிறது. 'தூர' என்னும் வடமொழிச் சொல் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தூரம், கன்னடத்தில் தூர, மராத்தியிலும் இந்தியிலும் தூர். நாகர்கோவிலில் ரயில் ஏறுகிறவருக்கு வழியிலே சோறு மாறும், தண்ணீர் மாறும், எழுத்து மாறும், பாஷை நாலைந்து தரம் மாறும். தூரம் என்ற சொல் மட்டும் எவ்வளவு தூரம் போனாலும் ஏறக்குறைய அப்படியே கூட வருகிறது.

இந்தச் சொல்லை இம்மாதம் ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நகரத்துச் சபைகளில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: "நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், என்ன செய்ய முடியும்?" ஊரிலே தகப்பனார் படுக்கையில் விழுந்தபோதும், தங்கையின் கல்யாணப் பேச்சிலே மனஸ்தாபம் வந்தபோதும், பாகப்பிரிவினையில் கையெழுத்துக் கேட்டபோதும் இதே வாக்கியம்தான். சிலர் இதைக் கண்ணீரோடு சொல்லுகிறார்கள். சிலர் நிம்மதியோடு சொல்லுகிறார்கள். சொல் ஒன்றே. ஆகவே அந்தத் 'தூரம்' எதனால் அளக்கப்பட்ட தூரம் என்று கேட்பது வீண் வேலையல்ல என்று எண்ணுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லாராய்ச்சி கற்பித்த ஆசிரியர்கள் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள். ஒரு சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்ப்பது பாதி வேலை. அது எங்கெங்கே நிற்கிறது, யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று பார்ப்பதே மீதி வேலை என்பார்கள். எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் செய்கிற அந்த வேலையை நம் தாய்மொழிக்கும் சற்றுச் செய்து பார்ப்போம்.

தமிழில் எத்தனை தூரங்கள்

தூரம் வந்து சேர்ந்த சொல் என்றேன். அதற்கு முன்னிருந்தே தமிழுக்குச் சொந்தமானது சேய்மை. வானத்தையும் உயரத்தையும் தூரத்தையும் ஒருசேரக் குறிக்கும் 'சேண்' என்னும் பழஞ்சொல்லும் அதன் அருகில் நிற்கிறது. இன்று பேச்சில் இவ்விரண்டும் இல்லை. இலக்கணப் புத்தகத்தில் 'சேய்மைச் சுட்டு' என்ற இடத்தில் மாத்திரம் சேய்மை உயிரோடிருக்கிறது. 'சேய்' என்றால் பிள்ளை என்றும் பொருள். பிள்ளை என்பதற்கும் தூரம் என்பதற்கும் ஒரே ஒலி அமைந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பிய தாய்மார் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், இல்லையென்று மறுக்கமாட்டார்கள்.

தொலைவு என்பது வேறு குணமுடைய சொல். தொலைதல் என்றால் முடிந்துபோதல், அழிதல், காணாமற்போதல். பணப்பை தொலைகிறது. பிள்ளை சாயங்காலம் நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் 'எங்கே போய்த் தொலைந்தான்?' என்று தாய் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். தூரத்தையும் இழப்பையும் தமிழ் ஒரே வேரில் வைத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டாமல் போனவன் போனவனே என்று எண்ணிய காலத்தின் அனுபவம் அந்தச் சொல்லிலே தங்கியிருக்கிறது போலும். பிற்காலத்தில் அறிவியல் சாதனங்களுக்குத் தமிழில் பெயர் வேண்டியிருந்தபோது, இதே 'தொலை'யை எடுத்துத் தொலைநோக்கி, தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் என்று ஆக்கிக்கொண்டோம். இழப்பைச் சொன்ன வேர் இழப்பை ஈடுசெய்யும் கருவிகளுக்குப் பெயராகிவிட்டது. 'தொலைதூரக் கல்வி' என்பதில் மாத்திரம் ஒரே பொருளுடைய இரண்டு சொற்களை அடுக்கிவிட்டார்கள். 1962-ல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்தவை தபால் உறைகள். அந்தக் கல்விக்கு இத்தனை தொலைவும் இத்தனை தூரமும் பின்னால் வந்து சேர்ந்தவை.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது 'எட்டம்'. எட்டுதல் என்றால் போய்ச் சேருதல், கைக்குக் கிடைத்தல். அதனோடு உறவுடையதாகத் தோன்றும் 'எட்ட' என்பதோ விலகி, தூரமாக என்று பொருள்படுகிறது. தென் மாவட்டங்களில் 'எட்டத்தில் நில்' என்பார்கள். 'கண்ணுக்கெட்டிய தூரம்' என்கிறபோது எட்டுதல் கண்ணின் வேலை. 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்கிறபோது அது கையின் வேலை. தூரம் என்பது வெளியே தரையில் கிடக்கும் ஒரு பொருளன்று. மனிதனுடைய கை எதுவரை நீளும், கண் எதுவரை போகும் என்பதே தூரம். இப்படித்தான் தமிழ் நினைத்திருக்கிறது.

குரலால் அளந்த காலம்

கையும் கண்ணும் மாத்திரமல்ல, குரலும் அளவுகோலாக இருந்தது. 'கூப்பிடு தூரத்தில்தான் வீடு' என்று இன்றும் சொல்லுகிறோம். அதை நாம் பேச்சு வழக்கென்று நினைக்கிறோம்; முன்னோருக்கு அது கணக்கு வாய்பாட்டிலே உள்ள அளவு. கூப்பீடு என்ற அளவு நான்கு சேர்ந்தால் ஒரு காதம் என்று பழைய வாய்பாடு ஒன்று உண்டு. நடக்கிற நேரத்தைக் கொண்டு அளப்பவர்கள் நாழிகைவழி என்றார்கள். ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷம். அந்த நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் வழி ஒரு நாழிகைவழி. ஏழரை நாழிகைவழியை ஒரு காதம் என்றும் கணக்கிட்டார்கள். காதத்தைச் சுமார் பத்து மைல் என்று அகராதி சொன்னாலும், அது ஊருக்கு ஊர் கூடியும் குறைந்தும் வழங்கியது. குரலும் காலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லையே.

டில்லியில் வாசம்பண்ணுகிறவர்கள் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் சென்றிருப்பீர்கள். அதனுள்ளே செங்கலும் சாந்தும் கொண்டு கட்டிய ஒரு பருத்த தூண் நிற்கிறது. புலியைத் தேடிப் போகிற அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. அதன் பெயர் கோஸ் மினார். பதினாறாம் நூற்றாண்டில் ஷேர்ஷாவும், அவருக்குப் பின் முகலாய அரசர்களும் பெருவழிகளின் ஓரமாக ஒவ்வொரு கோஸ் தூரத்துக்கும் இத்தகைய தூண் ஒன்றை நிறுத்தினார்கள். ஆக்ராவிலிருந்து டில்லி வழியாக லாகூர் போகும் சாலையில் இவை பல இன்னும் நிற்கின்றன. ஒரு கோஸ் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். கோஸ் என்பதன் மூலம் 'குரோச' என்னும் வடசொல். அதற்கு முதற்பொருள் கூப்பிடுதல், கூக்குரல். கூப்பிட்டால் கேட்கும் தூரமே பிற்பாடு வழியளவாயிற்று. காவிரிக்கரைக்காரனும் யமுனைக்கரைக்காரனும் தூரத்தை அளக்க நினைத்தபோது இருவரும் வாயைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தேசத்தில் நாம் அந்நியர் என்று தோன்றும் நாட்களில் அந்தத் தூணைப் போய்ப் பார்க்கலாம். மூன்று கிலோமீட்டருக்குக் குரல் கேட்குமா என்று யாராவது கேட்கக்கூடும். ஹாரன் சத்தமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஒரு காலத்து நிசப்தத்தை நாம் அறியோம். அதிலும்கூட அளவு காலப்போக்கில் நீண்டிருக்கத்தான் வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் காதக்கற்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அவை பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. அவற்றில் ஒரு கல், நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இன்னும் இருபத்தொன்பது காதம் என்று அறிவிக்கிறது. தாவளம் என்றால் வணிகர் தங்குமிடம். அந்தக் கல்லில் தூரம் எழுத்தினால் மாத்திரமல்ல, குழிகளாலும் குறிக்கப்பட்டிருக்கிறது: பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. இரண்டு பத்தும் ஒன்பதும் இருபத்தொன்பது. எழுத்து வாசிக்கத் தெரியாத வண்டிக்காரனும் இருட்டிலே விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். சாலையோரத்தில் பச்சைப் பலகையில் மூன்று மொழிகளில் எழுதிவைக்கும் நம் காலம் இதைவிடக் கரிசனையுள்ளது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் வந்தது. நாட்டுப்புறத்தில் அதைக் 'கல்' என்றே சொன்னார்கள். 'சந்தைக்கு ரெண்டு கல் நடக்கணும்' என்றால் இரண்டு மைல். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் நிறைவேறி, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆனாலும் சாலையோரக் கல் இன்றும் மைல்கல்தான்; கிலோமீட்டர்க்கல் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. நம் ஜனங்களோ சர்க்கார் அளவைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாழிகைவழிக்கே திரும்பிவிட்டார்கள். புது டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் என்பது நேரஅட்டவணை சொல்லும் கணக்கு. டில்லித் தமிழரைக் கேட்டால் 'ரெண்டு ராத்திரி' என்பார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, ஒரு முழுப் பகலைக் கழித்து, மறு இரவும் தூங்கி எழுந்து இறங்குகிறவருக்கு அதுவே மெய்யான அளவு.

லூக்கா எழுதிய தூரங்கள்

நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இந்த அளவுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பெத்தானியாவும் எம்மாவுவும் எருசலேமிலிருந்து எவ்வளவு என்று சொல்லுமிடங்களில் மூலத்திலிருப்பது 'ஸ்தாதியோன்' என்னும் கிரேக்க அளவு. மொழிபெயர்த்தவர்கள் தங்கள் காலத்து வாசகனுக்கு விளங்க அதை மைலாக மாற்றிக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஒலிவமலை எவ்வளவு தூரம் என்பதற்கோ 'ஓய்வுநாள் பிரயாணதூரம்' என்று யூதர் அளவையே விட்டுவைத்தார்கள். கெத்செமனேயில் இயேசு சீஷரை விட்டு விலகிச் சென்றது 'கல்லெறிதூரம்'. கையை அளவுகோலாகக் கொண்ட தூரம் அது. நம்முடைய எட்டத்துக்கு நெருங்கிய உறவு.

சுவிசேஷக்காரரில் லூக்கா தூரத்தைக் கவனித்து எழுதுகிறவர். குஷ்டரோகிகள் பத்துப்பேர் தூரத்திலே நிற்கிறார்கள். ஆயக்காரன் ஆலயத்தில் தூரத்திலே நிற்கிறான். பேதுரு தூரத்திலே பின்செல்லுகிறான். தமிழில் எல்லா இடத்திலும் ஒரே சொல்லாக இருப்பதால், இவை எத்தனை வெவ்வேறான தூரங்கள் என்பது வாசிக்கிற வேகத்தில் நமக்குத் தப்பிவிடுகிறது. குஷ்டரோகிகளின் தூரம் அவர்கள் தெரிந்துகொண்டதன்று. பிரமாணம் அவர்களைப் பாளயத்துக்குப் புறம்பே நிறுத்தியது. ஆயக்காரனின் தூரம் அவன் தானே எடுத்துக்கொண்டது. பேதுருவின் தூரம் பயத்தினால் வந்தது. முழுவதும் விட்டு ஓடிவிடவும் மனமில்லை, கிட்டச் செல்லவும் தைரியமில்லை.

குஷ்டரோகிகள் அந்தத் தூரத்தை எதனால் கடந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சத்தமிட்டுக் கூப்பிட்டார்கள். கால் போகக்கூடாத இடத்துக்குக் குரல் போயிற்று. இதற்கு எதிரான காட்சி பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐசுவரியவான் ஆபிரகாமைக் கூப்பிடுகிறான். குரல் கேட்கிறது, பதிலும் வருகிறது. ஆனால் நடுவே உள்ள பிளவை இரு பக்கத்தாராலும் கடக்க முடியவில்லை. கூப்பிடு தூரத்திலே இருந்தும் எட்டாத தூரம் என்று ஒன்று உண்டென்பதை நான் அந்தப் பகுதியில்தான் கற்றுக்கொண்டேன்.

இளைய குமாரனின் உவமையில் ஒரு சொல்நயம் இருக்கிறது. அவன் போன இடம் 'தூரதேசம்'. திரும்பி வருகையில் தகப்பன் அவனைக் காண்பது 'தூரத்தில்'. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் 'மக்ரான்' என்ற ஒரே சொல். முதல் தூரம் நாட்கணக்கான பிரயாணம்; இரண்டாவது தூரம் ஒரு கிழவனின் கண்ணுக்கெட்டிய அளவு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் லூக்கா சொன்னதும், தமிழில் பெயர்த்தவர்கள் அதே சொல்லைக் காத்துக்கொண்டதும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய காரியம்.

விலக்கி வைக்கும் தூரம்

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தமிழில் தூரம் என்பதற்கு மாதவிலக்கு என்றும் ஒரு பொருள் உண்டு. 'அவள் வீட்டுக்குத் தூரம்' என்று பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் எசேக்கியேலின் புத்தகத்தில் வரும் 'தூரஸ்திரீ' என்ற சொல்லின் பொருளும் அதுவே. புறவாசலில் தனித்து உட்காரவைத்து, தட்டையும் பாயையும் வேறுபடுத்திய வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. வீட்டுக்குள்ளேயே, நாலைந்து அடிக்குள்ளேயே உண்டாக்கப்பட்ட தூரம்.

சாதியும் தூரத்தை அளந்தது. அந்நாளைய கேரளத்திலும் திருவிதாங்கூரிலும், இன்னார் இன்னாரிடமிருந்து எத்தனை அடி எட்டி நிற்கவேண்டும் என்று சாதிக்குச் சாதி கணக்கு வகுத்து வைத்திருந்தார்கள். தொட்டால் தீட்டு என்பதோடு நில்லாமல், கிட்ட வந்தாலே தீட்டு என்றார்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்க நேர்ந்தது அதனால்தான். ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அதில் சிறைப்பட்டார். நம்முடைய சபைகளில் உட்கார்ந்திருக்கிற பலருடைய முன்னோர் இப்படி அடிக்கணக்கில் அளந்து நிறுத்தப்பட்டவர்கள். தெற்கேயிருந்து பம்பாய்க்கும் பிற நகரங்களுக்கும் ரயில் ஏறி வந்தவர்களில் பலருக்கு, ஆயிரம் மைல் தூரத்தைவிட அந்தச் சில அடித் தூரமே பெரிதாயிருந்தது. அதைக் கடக்கவே இதைக் கடந்தார்கள். இந்தக் கதையை எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்பது எனக்குச் சந்தேகம்.

ஆகவே 2020-ல் கொரோனா தொற்று பரவியபோது 'சமூக இடைவெளி' என்ற சொல் வந்ததும் தமிழில் பலர் முகம் சுளித்தார்கள். சமூகத்தில் உள்ள இடைவெளி போதாதா, அதைக் கடைப்பிடி என்று வேறு சொல்லவேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்பதே என் எண்ணம். தேவைப்பட்டது உடலுக்கும் உடலுக்கும் நடுவே சில அடி. சமூகத்துக்கும் சமூகத்துக்கும் நடுவே அல்ல. உலக சுகாதார நிறுவனமும் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே, உடல் அளவிலான இடைவெளி என்று பொருள்படும் சொல்லுக்கு மாறிக்கொண்டது. தமிழில் 'தனிமனித இடைவெளி' என்று சிலர் எழுதினார்கள். ஆனாலும் பழைய சொல்லே கடை வாசலிலும் பேருந்திலும் ஒட்டப்பட்டு நிலைத்துவிட்டது. ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுகிறவர்கள், அதைக் கேட்கப்போகிறவர்களின் பாட்டனார் எங்கே நிறுத்தப்பட்டார் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நலம்.

ஒரு ரூபாய்க்கு வந்த ஊர்

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருவோம்.

ஒரு காலத்தில் அது சத்தியமான வாக்கியமாக இருந்தது. ஊரிலிருந்து கடிதம் வர ஒரு வாரமாகும். அவசரமென்றால் தந்தி. தந்தி என்றால் கம்பி. வீணைக்கும் தந்தி உண்டு, அஞ்சலகத்துக்கும் தந்தி உண்டு. ஆனால் அஞ்சலகத் தந்தி வாசலுக்கு வந்தால் பிரித்துப் பார்க்குமுன்னே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனபோது சிலர் நினைவுக்காகத் தங்களுக்குத் தாங்களே தந்தி அனுப்பிக்கொண்டார்கள். நம் தாய்மார் யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக எஸ்.டி.டி. தொடர்பு ஏற்பட்டது. அது நம்முடைய தெருமுனைக்கு மஞ்சள் பலகையாக வந்துசேர எண்பதுகளின் இறுதியாயிற்று. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பேசியவர்களுக்குத் தூரம் என்றால் என்னவென்று தெரியும். சிவப்பு எண்கள் கண்ணெதிரே ஓடும். எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் பேசுகிறோமோ அதற்குத் தக்கதாகக் கட்டணம். இரவு நெடுநேரம் ஆனபின் கட்டணம் குறையும் என்பதற்காக, வேலை முடிந்து வந்த ஜனங்கள் தூக்கத்தை விட்டு வரிசையில் நின்றார்கள். அம்மா அழுதால் அழுகைக்கும் சேர்த்துக் காசு. 'சரி சரி, வைக்கிறேன்' என்பதே அந்நாளைய அன்பின் மொழியாக இருந்தது.

2006 மார்ச் முதல் தேதி பி.எஸ்.என்.எல். முதலான அரசு நிறுவனங்கள், இந்தியாவில் எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தின. பக்கத்து ஜில்லாவுக்கும் ஒரு ரூபாய், டில்லிக்கும் ஒரு ரூபாய். தூரத்துக்கு இருந்த விலை எடுபடத் தொடங்கியது. அதன்பின் கைபேசியில் காசும் குறைந்து, முகமும் தெரியத் தொடங்கிவிட்டது. தமிழில் நாம் போனில் பேசுவதைக் 'கூப்பிடுதல்' என்றே சொல்லுகிறோம்: 'சாயங்காலம் கூப்பிடுகிறேன்', 'நேற்று உன்னை மூன்று தரம் கூப்பிட்டேன்'. பழைய வாய்பாட்டின்படி பார்த்தால், கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை முழுத் தேசமும் இன்று கூப்பிடு தூரம்.

ஆனால் கூப்பிடுகிறோமா? என் மேய்ப்புப் பணியில் கண்டதைச் சொல்லுகிறேன். காசு கொடுத்துப் பேசிய நாட்களில் வாரம் தவறாமல் வரிசையில் நின்றவர்களே, இலவசமாகப் பேசக்கூடிய நாட்களில் மாதக்கணக்காக மறந்துபோகிறார்கள். ஊரிலிருந்து தாயார் கூப்பிட்டால் 'என்னம்மா விஷயம்?' என்று கேட்கிறார்கள். விஷயம் ஒன்றுமில்லை, 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று அந்த அம்மா குற்றம் செய்தவளைப்போலச் சொல்லுகிறாள். வீட்டுக்குடும்பக் குழுவில் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்றிருக்கிறார்கள். ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் பூமியிலே இருந்த தூரம் ஒரு வாசற்படிதான் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

குரலால் கடக்க முடியாதவையும் உண்டென்பதை மறுக்கவில்லை. 2020 மார்ச் 25 முதல் பொதுமுடக்கம். பயணிகள் ரயில்கள் நின்றுவிட்டன. அந்த வாரங்களில் ஊரில் பெற்றோர் மரித்தபோது, இங்கிருந்த பிள்ளைகள் கையளவு திரையில் அடக்கத்தைப் பார்த்தார்கள். எங்கள் சபையிலும் ஒரு குடும்பத்தில் அப்படி நேர்ந்தது. அவர்களும் 'நாங்கள் தூரத்தில் இருக்கிறோம்' என்றார்கள். அதற்கு நானோ மூப்பர்களோ பதில் ஒன்றும் சொல்லவில்லை. தாங்கள் மண் போடவேண்டிய நேரத்தில் அந்தக் குடும்பத்தார் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள் என்று பிறகு அறிந்தோம்.

ஒன்றுவிட்டவர்கள்

உறவையும் தமிழ் தூரத்தால் அளக்கிறது. பெரியப்பா மகன் ஒன்றுவிட்ட அண்ணன். அதற்கப்பால் இரண்டுவிட்ட, மூன்றுவிட்ட என்று போகிறது. நடுவே எத்தனை படி விட்டிருக்கிறது என்ற கணக்கு அது. ஆனால் எண்ணிக்கை முடிந்தபின்னும் உறவு முடிவதில்லை. 'தூரத்துச் சொந்தம்' என்ற பெயரில் அது நீடிக்கிறது. நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் எல்லாரையும் 'கசின்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். யார் கிட்ட, யார் எட்ட, யாரிடம் பெண் கேட்கலாம், யாருடைய சாவுக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் அந்த மூட்டைக்குள் போய்விட்டன. 'கிட்ட இருந்தால் முட்டப் பகை' என்ற பழமொழியைச் சொல்லிச் சிலர் ஆறுதலடைகிறார்கள். தூரத்தில் இருப்பதால்தான் அண்ணன் தம்பி பேச்சு இன்னும் இருக்கிறது என்பார்கள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பதோ நம்மைப்போல் வந்தவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது. ஊரிலிருந்தபோது நகரம் பச்சையாய்த் தெரிந்தது. நகரத்திலிருந்து பார்க்கையில் ஊர் பச்சையாய்த் தெரிகிறது. நாம் விட்டுவந்த வறண்ட கண்மாயும்கூட.

இலக்கணத்தில் ஒரு சிறு காரியம் பாக்கியிருக்கிறது. பள்ளியில் சுட்டெழுத்து மூன்று என்று படித்தோம்: இ, அ, உ. கிட்ட இருப்பவன் இவன், எட்ட இருப்பவன் அவன், இரண்டுக்கும் நடுவே இருப்பவன் உவன். இங்கே, அங்கே என்பவற்றுக்கு நடுவே 'உங்கே' என்றும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த நடு எழுத்து வழக்கொழிந்து வெகுகாலமாயிற்று. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போன நம் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். நகரத்தில் இருக்கையில் 'அங்கே தாத்தா வீட்டில்' என்று சொன்ன பிள்ளை, தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு 'அங்கே எங்கள் வீட்டில்' என்று நகரத்தைச் சொல்லுகிறது. தெருவிலே எதிர்ப்படுகிற பெரியவர்களும் 'எப்போது வந்தாய்?' என்று கேட்ட மூச்சிலேயே 'எப்போது போகிறாய்?' என்று கேட்கிறார்கள். அதற்குப் பிள்ளை என்ன பதில் சொல்லுகிறது என்று நான் சிலமுறை காதுகொடுத்துக் கேட்டிருக்கிறேன். தேதியைச் சொல்லிவிட்டு, 'ஊருக்குப் போகிறோம்' என்கிறது. எந்த ஊர் என்று அந்தப் பெரியவர் மறுபடியும் கேட்கவேண்டியிருக்கிறது.